யப்பானின் இலையுதிர்காலமும் திருகோணமலையின் நினைவும்



யப்பான் என்ற பெயர் எங்கள் திருகோணமலையின் மூத்த தலைமுறையினர் மனத்திற் பதிந்தது கவிதை வழியாக அன்று. குண்டுச் சத்தத்தின் வழியாகவே. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றி எரிந்தது. அன்றைய தினமே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பும் தாக்கப்பட்டிருந்தது.

அந்த விமானங்களைச் சுமந்து வந்த கப்பல்கள் ஐந்து. அவற்றின் பெயர்களைச் சற்று நோக்குங்கள். அக்காகி என்பது ஒரு மலையின் பெயர். ஹிர்யூ என்றால் பறக்கும் நாகம். சொக்காக்கு என்றால் உயரப் பறக்கும் நாரை. சுயிக்காக்கு என்றால் மங்கல நாரை. போர்க்கப்பலுக்கும் நாரையின் பெயர் சூட்டும் மக்கள் இயற்கையை எவ்வாறு பார்த்தார்கள்? அழகைக் காணத் தெரிந்த கண், அழிவுக்குத் துணைபோனது எப்படி? இந்த இரண்டு கேள்விகளோடும், ஒரு பயணியின் கண்கொண்டு, யப்பானின் இலையுதிர்காலத்துக்குள் இன்று சென்று வருவோம்.

தமிழருக்கு இந்தப் பாதை புதியதன்று. பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் யப்பானியக் கவிதை பற்றி எழுதினார். புகைப்படக் கலை பயில ரோக்கியோ சென்ற ஏ. கே. செட்டியார், 1936இல் 'ஜப்பான்' என்ற நூலை வெளியிட்டார். தி. ஜானகிராமன் தமது யப்பான் பயணத்தை 'உதயசூரியன்' என்ற நூலாகத் தந்தார். எங்கள் திருகோணமலையிற் பிறந்த பேராசிரியர் அ. சண்முகதாஸ் அவர்களும் அவரது துணைவியார் கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் அவர்களும், ரோக்கியோவின் கக்சுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோவுடன் இணைந்து தமிழ் யப்பானிய ஒப்பாய்வில் ஈடுபட்டனர். மன்யோசு என்னும் பழந்தொகுப்பின் காதற் பாடல்கள் மனோன்மணி அம்மையாரின் முயற்சியால் தமிழுக்கு வந்தன. இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்ற ஓனோவின் கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. எனினும், இரண்டு இலக்கியங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பை அந்த உழைப்பு நமக்குத் தந்தது.

இனி, இலையுதிர்காலத்தைப் பார்ப்போம். வசந்தத்திற் செர்ரிப் பூக்கள் தெற்கே தொடங்கி வடக்கே மலர்ந்து செல்கின்றன. இலைகளின் நிறமாற்றமோ வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகிறது. ஹொக்கைடோ தீவின் உயர்ந்த மலைகளிற் செப்ரெம்பர் மாதத்திலேயே அது தொடங்கிவிடும். கியோத்தோ நகரை வந்தடைய நவம்பர் மாதப் பிற்பகுதியாகிவிடும். இரவுகள் குளிரக் குளிர, இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களிற் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. மேப்பிள் இலையைப் பார்த்த பழைய யப்பானியர், அது தவளையின் கையைப் போல விரிந்திருக்கக் கண்டு, அம்மரத்துக்குத் 'தவளைக் கை' என்றே பெயரிட்டனர். அப்பெயர் சுருங்கி இன்று 'கயெதே' என வழங்குகிறது. சிவந்த இலைகளைக் காண மலைக்குச் செல்வதை 'மொமிஜிகரி' என்பர். 'இலை வேட்டை' என்பது அதன் பொருள்.

எட்டாம் நூற்றாண்டிற் தொகுக்கப்பட்ட மன்யோசுவில் 4500க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதிலே இலையுதிர்கால இலையைப் பெரும்பாலும் 'மஞ்சள் இலை' என்றே எழுதினார்கள்; 'செவ்விலை' என எழுதும் வழக்கம் பின்னர்தான் ஓங்கியது. ஏழாம் நூற்றாண்டில் தெஞ்சி மன்னரின் அவையில், வசந்தம் சிறந்ததா இலையுதிர்காலம் சிறந்ததா என்ற கேள்வி எழுந்தபோது, நுக்காதா என்ற இளவரசி பாட்டாலே விடை சொன்னாள். அவள் தேர்ந்தது இலையுதிர்கால மலையையே.

தமிழ் மாணவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. யப்பானிய ஹைக்குவிலும் பருவத்தைக் காட்டும் சொல்லொன்று இருத்தல் வேண்டும் என்பது மரபு. அதனைக் 'கிகோ' என்பர். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்ப் பருவம். கச்சான் காற்று ஓய்ந்து, வாடை எழுந்து, திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களிலேதான் கியோத்தோவில் மேப்பிள் சிவக்கிறது.

அந்தச் சிவப்பின் நடுவே வரலாறும் நிற்கிறது. 710இல் தலைநகரான நாராவில், 752ஆம் ஆண்டு மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அக்காலத்து மன்னரின் அரும்பொருட்கள் சோசோயின் என்னும் களஞ்சியத்திற் காக்கப்பட்டு, அவற்றிற் சில ஆண்டுதோறும் இலையுதிர்காலத்திலேயே நாராவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பின்னர் 794இல் தலைநகரான கியோத்தோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மன்னரின் இருப்பிடமாயிற்று.

யப்பானியப் பயணிகளுள் நாம் அறியவேண்டியவர் மட்சுவோ பாஷோ. 1689இல் வசந்தகால இறுதியிற் புறப்பட்டு, வடநாட்டைச் சுற்றி, ஏறத்தாழ ஐந்து மாதங்களின் பின் இலையுதிர்காலத்தில் ஒகாகி என்ற ஊரை அடைந்தார். வழியிலே கொமட்சு என்ற இடத்திலுள்ள ஆலயத்தில், சனெமொரி என்ற வீரனின் தலைக்கவசம் அவருக்குக் காட்டப்பட்டது. சனெமொரி 1183இல் நடந்த போரில் மாண்டவன். முதியவன் என்று எதிரிகள் இரங்கக்கூடாதென்பதற்காக நரைமுடிக்குக் கருஞ்சாயம் பூசிக்கொண்டு போருக்குப் போனவன். அவனை வென்ற படையின் தலைவனோ, குழந்தையாயிருந்தபோது அவனாலேயே காப்பாற்றப்பட்டவன். அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்துப் பாஷோ எழுதிய ஹைக்குவில் வீரப் புகழ்ச்சி இல்லை. இலையுதிர்காலப் பூச்சியொன்றின் குரலே கேட்கிறது. நமது புறத்திணையில் இறந்தோர்க்கு இரங்குவதைக் கையறுநிலை என்போம். பாஷோ பாடியதும் ஒருவகைக் கையறுநிலையே.

ஆனால், நேயர்களே, அழகுணர்ச்சி இருந்துவிட்டால் இரக்கமும் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. உதிரும் செர்ரிப் பூவைக் காட்டியே இளைஞரைச் சாவுக்கு அனுப்பிற்று யப்பானிய இராணுவ ஆட்சி. சயாம் பர்மா ரயில்பாதை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருட் பல்லாயிரவர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். பூவையும் இலையையும் உற்றுப் பார்த்த கண், அயலான் முகத்தைப் பாராது போயிற்று. கலை கற்ற எந்த இனத்துக்கும், நமக்குந்தான், இது எச்சரிக்கை.

போரின் பின்னர், 1951 செப்ரெம்பரிற் சன்பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்தன, பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தரின் போதனையை எடுத்துக்கூறி, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கோராது என்று அறிவித்தார். குண்டு விழுந்த நாட்டின் சார்பில் வந்த அந்த வார்த்தையை யப்பானியர் மறக்கவில்லை.

அவர்களது மண்ணிலும் தீ விழுந்தது. 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோசிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர் தூரத்திற் சுக்கேயென் என்ற பூங்கா உண்டு. அங்கே நின்ற ஜிங்கோ மரமொன்று கருகியும் சாகவில்லை, மீண்டும் துளிர்த்தது. இலையுதிர்காலம் வந்தால் ஜிங்கோ முழுதும் பொன்மஞ்சளாகும். அந்நகரத்தவர் அதனை அழகுக்காக மட்டும் பார்ப்பதில்லை. குண்டுக்குத் தப்பிய மரங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை இட்டு, தூரத்தையும் குறித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நாமும் செய்யக்கூடியது அதுவே. சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் காடு சூழ்ந்திருக்கிறது. நிலாவெளி வீதியிலே போர் மயானம் இருக்கிறது. 1942இற் சிறுவராயிருந்தவர்கள் இன்று தொண்ணூறு வயதை எட்டியவர்கள். மிகச் சிலரே நம்மிடையே உள்ளனர். அன்று காலை கடல் எப்படியிருந்தது, எந்தப் பக்கம் புகை எழுந்தது, எந்த வழியால் மக்கள் ஓடினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க நமது மாணவர் முன்வரவேண்டும். நிலமும் பொழுதும் அறிந்து பாடிய புலவர்களின் மொழி நம்முடையது. சொந்த ஊரின் நிலத்தையும் பொழுதையும் குறித்துவைக்க அது நமக்குப் போதும்.