மிருகம் கேட்ட கேள்வி

வெறுப்பில் தொடங்கிப் படுக்கையறையில் முடியும் மாயாஜாலக் காதல் நாவல்களை இன்றைய சந்தைச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சரக்கு பழையது. பிரான்சில் 1740இல் வில்நெவ் சீமாட்டி எழுதிய ‘அழகியும் மிருகமும்’ கதையில், ரோஜா பறித்த தந்தையின் உயிருக்கு ஈடாக மகள் மிருகத்தின் அரண்மனைக்கு வந்து சேர்கிறாள். யானைத் துதிக்கையும் சலசலக்கும் செதில்களும் கொண்ட மிருகம் இரவுதோறும் அவளிடம் கேட்கிறது: என்னோடு படுக்கச் சம்மதமா? மாட்டேன் என்கிறாள், அது போய்விடுகிறது. இங்கிலாந்தில் ஆசிரியையாக இருந்த போமோன் சீமாட்டி, 1756இல் சிறுமிகளுக்காகக் கதையைச் சுருக்கியபோது கேள்வி கல்யாணப் பேச்சாகிவிட்டது. நமக்கு வந்து சேர்ந்தது இந்தக் குளிப்பாட்டிய வடிவம்தான்.

அடைத்துவைத்தவனையே காதலிக்க வைப்பது கொடுமைக்கு வெள்ளையடிப்பதல்லவா என்பார்கள். 1919இல் வந்த இ.எம். ஹல்லின் ‘ஷேக்’ நாவலுக்கு அது முழுக்கப் பொருந்தும். கடத்தி வன்புணர்ந்தவன் மேல்தான் நாயகிக்குக் காதல். கேத்லீன் வுடிவிஸ் 1972இல் எழுதி லட்சக்கணக்கில் விற்ற நாவலும் வன்புணர்வில்தான் தொடங்குகிறது. வில்நெவ் கதை அந்தக் கூட்டத்தில் சேராது. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தை மறுப்பது பெண்ணுக்கு எளிதாக இல்லாத காலத்தில், ஒருத்தியின் ஒற்றைச் சொல் அரண்மனைக்கே அதிபதியான மிருகத்தை நிறுத்துகிறது. வாசகியை இழுப்பது இந்த அதிகாரம்தான் என்பேன். 2015இல் சாரா ஜே. மாஸ் தொடங்கிய தொடரும் இதே கதையின் வாரிசு. மறுத்தவளுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால், ‘ஷேக்’ 1740க்கும் பின்னால் நிற்கிறது.