கட்டிலும் மருந்தும்

மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனில் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பலகையைப் பார்க்காதவர்கள் சென்னையில் இருக்க முடியாது. பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருவோம். என் பாட்டி மட்டும் அந்த இடம் வந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். அவளுடைய தமக்கை 1948-ல் க்ஷயரோகத்தில் போனவள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அந்த அம்மாளின் பெயரையே எடுக்க மாட்டார்கள்.

"ஆஸ்பத்திரியிலே ஒரு கட்டில் கிடைச்சிருந்தா அக்கா பிழைச்சிருப்பா" என்பாள் பாட்டி. நானும் அதை வெகுகாலம் நம்பினேன்.

டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கியபோது இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை இவைதாம் வைத்தியம். ஆகவே எந்த ஆஸ்பத்திரி உயர்ந்தது என்று கேட்டால், தோட்டத்தையும் தாழ்வாரத்தையும் சாப்பாட்டையும் வைத்தே பதில் சொன்னார்கள். கட்டில் கிடைக்காத ஏழைக்கு வைத்தியமே இல்லை என்பதுதான் இதன் மறுபக்கம். கதை எழுதும் நாங்களும் சும்மா இருக்கவில்லை. கதாநாயகியை இரண்டு முறை இரும வைத்து வாசகர்களை அழவைத்தோம்.

1952-ல் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதை நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை டாக்டரின் இரக்கமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்கவில்லை. குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும். மற்றவர்களுக்கு அதே நெருக்கடியான குடித்தனம், அதே அரைவயிற்றுச் சோறு.

1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவிகிதம் பேருக்கு. உலகத்து டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது: வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றாதா? ஐந்து வருஷம் கவனித்தார்கள். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தில் நோய் அதிகம் கண்டதாகத் தெரியவில்லை.

இதைக் கேட்டு, ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு. அந்த வீடுகளுக்குள் மாத்திரையோடு வேறொன்றும் போயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிற்றா என்று அறிந்தார்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். நல்ல வைத்தியம் எது என்பதற்கு இதுவே அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் என்பதல்ல. வராமற்போன நோயாளியைத் தேடிக்கொண்டு யாராவது போனார்களா என்பதே கேள்வி.

சோறும் அற்பமல்ல. ஜார்க்கண்டில் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப் பொருள் கொடுத்ததால், அந்த வீட்டில் புதிதாக நோய் காண்பது ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது. கட்டிலுக்கும் வேலை இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில், நோய் கண்டவரை நிறுத்துப் பார்த்து, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மிகவும் நலிந்தவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முறை வந்தது. யாருக்குக் கட்டில் என்று கேட்க நமக்கு இத்தனை காலம் பிடித்தது.

பாட்டியிடம் இதையெல்லாம் சொல்ல அவள் இப்போது இல்லை. சொல்லியிருந்தால் கட்டிலைக் குறைகூறுவதை விட்டிருப்பாள். அந்த ஐசோனியாசிட் மாத்திரை வர, அவள் அக்காள் போன பிறகு நாலு வருஷம் பாக்கி இருந்தது.