அரசர்க்கு மேலான இறைமை: ஊவா தரும் சான்று

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் ஓர் ஆட்சி அலுவலரின் நினைவாக எழுந்தது. இலங்கை றைபிள் படையைச் சேர்ந்த மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர்பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்ற பாவத்துக்குத் தெய்வம் அளித்த தண்டனையே அந்த இடி என்னும் பேச்சு ஊவாவில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அவருடைய நண்பர்களோ கடவுளின் மகிமைக்கென ஆலயம் எழுப்பினர். 1857இல் அது பிரதிட்டை செய்யப்பட்டது.

ஒரே மரணத்தை ஒரு சாரார் தெய்வத்தின் தீர்ப்பாகக் கண்டனர். மறு சாரார் அதிகாரியின் பெயரையும் ஆண்டவரின் பெயரையும் ஒரே கட்டடத்தில் இணைத்தனர். ஆளுவோர்மீது கடவுளுக்குள்ள இறைமையைக் கிறித்தவ வேதாகமம் இவ்விரு வகையாலும் விளக்கவில்லை என்பது நோக்கற்பாலது. சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட பதினெண்மர் ஏனையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என இயேசு கூறியதை லூக்கா பதிவுசெய்துள்ளார். எனவே இடியைக் கொண்டு ஒருவரது பாவத்தை அளத்தல் பொருந்தாது.

அளவுகோலைத் தானியேல் ஆகமத்தில் காணலாம். பாபிலோனைத் தானே கட்டியதாக அரண்மனையில் உலாவியவாறு பெருமை பேசிய நேபுகாத்நேச்சார், மாடுகளைப் போலப் புல்மேயும் நிலைக்குத் தள்ளப்படுகிறான். இக்காட்சியைப் பலரும் அறிவர். அதற்கு முன்னர் தானியேல் அவனுக்குக் கூறிய அறிவுரையை அறிந்தோர் சிலரே: ஏழைகளுக்கு இரங்கு என்பதே அது. ஏசாயா இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இஸ்ரவேலின் கடவுளை அறியாத பாரசீக மன்னன் கோரேசு, அக்கடவுளால் அபிஷேகம் பெற்றவனாகச் சொல்லப்படுகிறான். சிறைப்பட்டோர் ஊர் திரும்புவதற்கு அவன் ஒரு கருவி, அவ்வளவே.

ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுமாறு பணிப்பது உண்மை. ஆயினும் ஆளுவோனை நன்மைக்கான கடவுளின் பணியாளன் என்றும் அதே பகுதி கூறுகிறது. கீழ்ப்படிதலைப் பிடித்துக்கொண்டு பணியாளன் என்னும் சொல்லை நழுவவிடுதல் ஆளுவோர்க்கு வசதியானது. தென்னாபிரிக்காவில் நிறவெறி அரசுக்காக இப்பகுதி அவ்வாறு வாசிக்கப்பட்டதை 1985ஆம் ஆண்டின் கைரோஸ் ஆவணம் கண்டித்தது.

தெமோதரையைக் கடந்து பதுளைக்குச் செல்லும் பாதையில் ஹாலிஎல அமைந்துள்ளது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையும் இவ்வழியே செல்கிறது. இதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் மக்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலையகத் தோட்டங்களில் வேதத்தைப் பரப்ப 1854இல் தொடங்கிய அமைப்புக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்று பெயர். துரைமாரின் பொருளுதவி அதற்குண்டு. பெயரே அக்கால மனப்பாங்கை உரைக்கும். எனினும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட அந்நூலில் ஆமோஸும் இருந்தார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கொணர்ந்தவர் பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடங்களிலிருந்து கொணர்ந்தார் என்பது அவ்வாயனின் வாதம். அவ்வாறாயின், கங்காணியோடு நடந்து வந்தோரின் பயணமும் அவ்விறைமைக்குப் புறம்பானதன்று.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஜனங்களின் குடியிருப்பு எல்லைகளைக் கடவுளே குறித்தார் எனும் அப்போஸ்தலர் நடபடிகளின் கூற்றை இப்பங்கீட்டுக்கு ஆதாரமாக்க முனைவோரும் இருக்கலாம். ஆனால், மனிதர் யாவரும் ஒரே இரத்தத்தினின்று தோன்றியவர் என்றல்லவா அவ்வசனம் தொடங்குகிறது!

1972இல் பதுளைக் கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார அதன் முதல் ஆயரானார். திருச்சபை வறியோர் பக்கம் நிற்கவேண்டும் என வற்புறுத்திய அவர் 1982இல் காலமானார். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1964 முதல் இலங்கையிலேயே நிரந்தரமாக வாழ்ந்தோர்க்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்குமே அச்சட்டம் உரியதாயிற்று. ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் அதில் இடம்பெறவில்லை.