மோரில் கரைத்த கீழாநெல்லி

சென்னை–அரக்கோணம் ரயில் தடத்தில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிறுத்தம் மணவூர். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தத் தடத்தில்தான் போனது. கிழக்கே போனால் சென்னைப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரி. மேற்கே போய்க் காட்பாடியில் இறங்கினால், 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சிஎம்சி. பெரிய வியாதி என்றால் இந்த வட்டாரத்துக்கு இரண்டு திசையிலும் வழி உண்டு. ஆனால் கண் மஞ்சளித்தால் மட்டும், ரயிலேறுவதற்கு முன்னால் வயல் வரப்புக்குப் போவதுதான் வழக்கம்.

அங்கே மழைக்குப் பிறகு கீழாநெல்லி முளைத்திருக்கும். சாண் உயரச் செடி. புளிய இலையைப் போலச் சின்னச் சின்ன இலைகள். இலைக்காம்பைப் புரட்டிப் பார்த்தால் அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் கூடாது என்று பத்தியம். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணிப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகளும் அதிகம். அவர்கள் இதை நேல உசிரி என்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் கண் வெளுத்துவிடும். மருந்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் தரும் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கக்கூடியது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்னொரு வைரஸோ கண்ணை மஞ்சளாக்காமலேயே முப்பது, நாற்பது ஆண்டுகள் கல்லீரலில் குடியிருக்கும். அரைத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குக்கூட அது இடம் கொடுப்பதில்லை.

அந்த வைரஸ் அகப்பட்டது ஒரு தற்செயல். ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் ரத்தத்தில் பரூச் பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி விசித்திரமான புரதம் ஒன்றைக் கண்டு, 1965இல் அதை அறிவித்தார். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று பிறகு தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு. 1981இல் தைவானிலிருந்து வந்த ஓர் ஆய்வு உலகத்தையே உலுக்கியது. 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில் 41 பேர் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்கள். அவர்களில் 40 பேரின் ரத்தத்தில் இந்த வைரஸ் முன்பே இருந்தது.

கீழாநெல்லி மறுபடி கதைக்குள் வருவது இங்கேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பிளம்பர்க்குடன் சேர்ந்து, இந்தச் செடியின் பொடியை வைரஸ் சுமப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது, மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பாட்டி வைத்தியத்துக்கு உலக மேடை கிடைத்த நாள் அது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதே செடியைச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் ஒருசேர அலசியவர்களும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். இதில் தரமணிக்குத் தலைகுனிவு ஏதுமில்லை. வழக்கத்தை வழக்கமாகவே விட்டுவிடாமல், போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த நேர்மை அது.

வைரஸ் அடங்கவில்லை என்றால் என்ன ஆகும்? கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிச் சுருங்கும். சிலருக்கு அதில் புற்று முளைக்கும். இந்தப் புற்றுக்கு ஒரு கெட்ட குணம்: ரத்தக் குழாய்க்குள்ளேயே நுழைந்து வளரும். இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரல் வழியாகத்தான் திரும்புகிறது. கல்லீரல் சிரைகளில் இறங்கும் ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து, உதரவிதானத்தைத் தாண்டியதும் இதயத்தின் வலது மேலறைக்குள் விழும். சில சென்டிமீட்டர் தூரம்தான். புற்று அந்தச் சிரைக்குள் தலைநீட்டினால், வேர் கல்லீரலில் இருக்க, நுனி இதயத்துக்குள் போய் ஆடும். கால் வீங்கும், மூச்சு முட்டும். அடைப்பாலோ, துண்டொன்று உடைந்து நுரையீரலுக்குப் போவதாலோ திடீர் மரணம் நேரலாம்.

ஒரு காலத்தில் இதைப் பிணப் பரிசோதனையில்தான் பார்த்தார்கள். 1953இல் ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த இதய எக்கோ பரிசோதனை பரவிய பிறகே, உயிரோடு இருப்பவரின் மேலறைக்குள் அந்தக் கட்டி அசைவதைத் திரையில் பார்க்க முடிந்தது. இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அதை அகற்றும் அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் பொறுக்கி எடுத்த சிலருக்கு மட்டுமே அது பொருந்தும். பலருக்கு நோய் திரும்பவும் வந்துவிடுகிறது.

ஆகவே இந்த நோயை மறிக்க வேண்டிய இடம் இதயத்தின் வாசலில் இல்லை, பிரசவ அறையில் இருக்கிறது. கைக்குழந்தையில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ் நிலைத்துவிடும். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவுதான். தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் அங்கே பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் பாதியளவு குறைந்தது. இந்தியாவில் ஊசி விலை எட்டாத உயரத்தில் இருந்த நிலையை, 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த உள்நாட்டுத் தடுப்பூசி மாற்றியது. 2011 டிசம்பரில், ஹெபடைடிஸ் பியையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் முதன்முதலாக வந்த இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்.

ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்திருந்தால் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். தொற்று உறுதியானால் அதை அடக்கிவைக்க இன்று தினசரி மாத்திரை இருக்கிறது. வீட்டில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டார்களா என்று செவிலியரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை.