வாரந்தோறும் ஒரு நாயகன்: கராஜ் ராக் அலையும் பிரித்தானிய இசை இதழ்களின் ஆரவாரமும் (1989–2006)

2001 ஜனவரி இறுதியில் லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் மூன்றே பாடல்கள் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. பெயர் 'தி மாடர்ன் ஏஜ்'. வாசித்தவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள். மூத்தவருக்கே வயது 22. குழுவின் பெயர் ஸ்ட்ரோக்ஸ். பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு எட்டிய உச்சம் 68ஆம் இடம். அந்த உயரத்துக்கு வந்து மறுவாரமே காணாமல் போகும் தட்டுகளுக்கு எந்த ஆண்டும் பஞ்சமில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களுக்குள் இந்தக் குழுவைப் பிடிக்க அமெரிக்கப் பெருநிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு விலை பேசின; ஆர்சிஏ வென்றது. ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனில் வெளியான முதல் ஆல்பம் 'இஸ் திஸ் இட்' 2ஆம் இடத்தைப் பிடித்தது.

68க்கும் 2க்கும் இடைப்பட்ட ஏழு மாதங்களில் நடந்தது என்ன? பாடல்கள் நன்றாக இருந்தன என்பது எளிய பதில். அது பொய்யுமல்ல. ஆனால் நல்ல பாடல்களோடு வந்து யாரும் கேளாமல் கலைந்துபோன குழுக்கள் ஏராளம். இந்த ஆரவாரத்தின் காரணத்தைக் குழுவின் இசையில் தேடுவதைவிட, அதை எழுப்பிய வார இதழ்களின் நிலைமையில் தேடுவதே பலன் தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கராஜ் ராக் என்ற வகைப்பாட்டிலேயே எழுத்தாளர்களின் கை இருக்கிறது. 1960களின் நடுவில், பீட்டில்ஸ் அமெரிக்காவைக் கலக்கிவிட்டுப் போன பிறகு, அந்நாட்டின் புறநகர்ப் பையன்கள் அப்பாவின் காரை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கிதாரும் டிரம்ஸும் போட்டு முழக்கினார்கள். கிதாரில் நாலைந்து பிடிகள் தெரிந்தால் போதும். போர்ட்லண்டின் கிங்ஸ்மென் குழு 1963இல் பதிவு செய்த 'லூயி லூயி' இவற்றுக்கெல்லாம் முன்னோடி. அதில் பாடகர் என்ன சொல்கிறார் என்றே புரியாததால் ஆபாசம் என்று புகார் கிளம்பி, எஃப்பிஐ விசாரணை வரைக்கும் போனது. வார்த்தைகள் விளங்கவில்லை என்பதுதான் கடைசியில் அவர்கள் கண்ட முடிவு. இந்தக் குழுக்களில் பல ஒரு தட்டோடு மறைந்தன. 1972இல் லென்னி கே என்ற விமர்சகர், எலெக்ட்ரா நிறுவனத்துக்காக 27 பாடல்களைப் பொறுக்கி 'நக்கெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டாகத் தொகுத்தார். சிதறிக் கிடந்தவை மரபாகத் திரண்டது அப்போதுதான். 2001இல் இதழ்கள் 'மறுமலர்ச்சி' என்று எழுதியபோது, மறுபடி மலர்ந்ததாகச் சொல்லப்பட்ட செடி ஒரு விமர்சகர் பதியம் போட்டது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

நியூயார்க் குழு லண்டனில் புகழ்பெற வேண்டிய அவசியம் என்ன? அமெரிக்காவின் பரப்பில் ஒரு புதிய குழு நாடறிய வேண்டுமானால் எண்ணற்ற வட்டார வானொலிகளைத் தாண்ட வேண்டும். மாதக்கணக்கில் வேனில் அலைய வேண்டும். பிரிட்டன் சிறிய நாடு. ரேடியோ 1 எல்லா ஊரிலும் ஒலித்தது. இசைக்கென்றே வார இதழ்கள் எல்லாப் பேப்பர் கடைகளிலும் தொங்கின. 1926இல் தொடங்கிய மெலடி மேக்கரும், 1952இல் தொடங்கி அதே ஆண்டு நாட்டின் முதல் தனிப்பாடல் பட்டியலை வெளியிட்ட நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸும் (என்எம்இ) இவற்றுள் தலையானவை. பீட்டில்ஸ் காலத்தில், 1964இல், என்எம்இயின் விற்பனை 3 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இந்த இதழ்களுக்கு ஆண்டுக்கு ஐம்பது அட்டைப்படங்களாவது வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது மேதைகள் எந்த நாட்டிலும் பிறப்பதில்லை. பிறக்காதவர்களை அறிவிக்க வேண்டிய நெருக்கடி வாரந்தோறும் இருந்தது.

இதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர்கள் உண்டு. 1989இல் சியாட்டிலின் சப் பாப் என்ற சிறுநிறுவனம், மெலடி மேக்கரின் எவரெட் ட்ரூவைத் தன் செலவிலேயே விமானத்தில் வரவழைத்து ஊரைச் சுற்றிக்காட்டியது. அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் அமெரிக்கர்களில் பலருக்குத் தங்கள் நாட்டு மூலையில் 'கிரஞ்ச்' என்று ஒரு ராக் இசை இருப்பதே தெரிந்தது. 1992 ஏப்ரலில் மெலடி மேக்கர் ஸ்வேட் குழுவை அட்டையில் போட்டு, பிரிட்டனின் மிகச்சிறந்த புதிய குழு என்று அறிவித்தது. அப்போது ஸ்வேட் ஒரு தட்டுகூட வெளியிட்டிருக்கவில்லை. கேட்க முடியாத இசைக்குப் பட்டம் கொடுத்தாயிற்று. வாசகர் அடுத்த மாதம் வரை காத்திருந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆரவாரத்துக்குப் பெரிய பத்திரிகைகளும் விதிவிலக்கல்ல. அதே 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் 'கிரஞ்ச்' இளைஞர்களின் குழூஉக்குறிச் சொற்களைப் பட்டியலிட்டது. செய்தியாளருக்கு அந்தச் சொற்களைத் தந்தவர் முன்பு சப் பாபில் வேலை பார்த்த மெகன் ஜாஸ்பர். அத்தனையும் தொலைபேசியில் அவர் அந்த நிமிடம் இட்டுக்கட்டியவை. பட்டியல் அப்படியே அச்சேறியது. இசை இதழியல் பயிலும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

இனி 2000ஆம் ஆண்டு. பிரித்தானிய கிதார் குழுக்களின் பிரிட்பாப் அலை ஓய்ந்துவிட்டது. செலக்ட் மாத இதழ் மூடப்பட்டது. டிசம்பரில் மெலடி மேக்கர், 74 ஆண்டு வாழ்வுக்குப் பின், என்எம்இயோடு இணைக்கப்பட்டது, அதாவது நின்றது. போட்டியாளர் மறைந்ததால் என்எம்இ நிமிர்ந்துவிடவில்லை. அடுத்தது நாம்தான் என்ற அச்சமே மிஞ்சியிருக்கும். இன்னொரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. 1991இல் நொடித்துப்போன ரஃப் டிரேட் நிறுவனத்தை ஜெஃப் டிராவிஸும் ஜேனட் லீயும் அதே 2000இல் மீண்டும் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் உடனடியாக ஒரு பெயர் தேவைப்பட்டது. மெலடி மேக்கர் நின்ற மறுமாதம் 'தி மாடர்ன் ஏஜ்' வெளிவந்தது.

ஸ்ட்ரோக்ஸ் இந்த வெற்றிடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மன்ஹாட்டனின் மெர்குரி லவுஞ்ச் அரங்கில் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துவந்த ரயன் ஜென்டில்ஸ், வேலையை விட்டுவிட்டு இவர்களுக்கு மேலாளரானார். கோர்டன் ரஃபேலின் நிலவறை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான மாதிரிப் பாடல்களை டிராவிஸ் தொலைபேசி வழியே கேட்டுச் சில வினாடிகளில் சம்மதித்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. இத்தகைய கதைகளே ஆரவாரத்தின் சில்லறை நாணயம். தட்டு கடைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு 'லாஸ்ட் நைட்' பாடலை என்எம்இ தன் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கத் தந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். விமர்சிக்க வேண்டிய இதழே சரக்கைக் கையில் கொடுக்கும் விநியோகஸ்தராகவும் ஆகிவிட்டது. பிப்ரவரியில் குழு பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தது. ஜூனில் வந்த 'ஹார்டு டு எக்ஸ்ப்ளெய்ன்' 16ஆம் இடம் பிடித்தது. ஆகஸ்டில் ரெடிங் விழாவில் சிறிய மேடையிலிருந்து பிரதான மேடைக்கு மாற்றப்பட்டார்கள். ஆல்பத்துக்கு என்எம்இ 10க்கு 10 மதிப்பெண் போட்டது.

படத்துக்கு ஏற்ற முகங்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. அன்றைய பிரித்தானிய கிதார் இசையில் டிராவிஸ், கோல்ட்ப்ளே போன்ற சாந்தமான குழுக்களே முன்னணியில் இருந்தன. அவர்கள் பாடலாம், அட்டையில் நிற்க மாட்டார்கள். ஸ்ட்ரோக்ஸ் ஐவரும் மெலிந்த உடல், ஒல்லி டை, கசங்கிய கோட்டு, கிழிந்த ஜீன்ஸோடு எந்தப் படத்திலும் ஒரு குழுவாகவே தெரிந்தார்கள்.

எதிர்வினையும் உடனே வந்தது. பாடகர் ஜூலியன் கசபிளாங்காஸின் தந்தை, எலீட் என்ற உலகப்புகழ் மாடலிங் நிறுவனத்தின் நிறுவனர். கிதார் வாசிக்கும் ஆல்பர்ட் ஹாமண்ட் ஜூனியரின் தந்தை, 1972இல் உலகமே முணுமுணுத்த பாடல் ஒன்றைத் தந்தவர். இருவரும் சந்தித்தது சுவிட்சர்லாந்தின் செல்வந்தர் பள்ளியான லெ ரோசேயில். இவர்களா கராஜ் பையன்கள் என்று பலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தாலும் குறி தவறியது. ஏழ்மை அந்த இசையின் நிபந்தனையாக எப்போதும் இருந்ததில்லை. கார் நிறுத்தத் தனியிடம் உள்ள வீடு என்பதே நடுத்தர வர்க்கத்தின் அடையாளம்தான். அந்தக் கரடுமுரடான ஒலியும் ஏழ்மையால் வந்ததல்ல. கசபிளாங்காஸின் குரலைச் சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தித்தான் பதிவு செய்தார்கள். யோசித்துச் செய்த கைவேலை அது. அதைக் கவனித்து எழுதியவர்களைவிட அப்பாக்களைப் பற்றி எழுதியவர்களே அதிகம்.

அமெரிக்காவில் கதை வேறு. செப்டம்பர் 25க்குத் திட்டமிட்டிருந்த குறுந்தட்டு, 11ஆம் தேதி தாக்குதலுக்குப் பின் அக்டோபர் 9க்குத் தள்ளிப்போனது. நகரத்துப் போலீஸைக் கிண்டல் செய்யும் பாடல் நீக்கப்பட்டு வேறொன்று சேர்க்கப்பட்டது. கையுறை அணிந்த கை பெண்ணின் இடுப்புக்குக் கீழ் பதிந்திருக்கும் மூல அட்டைக்குப் பதிலாக, அணுத்துகள்களின் பாதைகள் பதிவான படம் இடம்பெற்றது. 36 நிமிட ஆல்பம் அங்கே 33ஆம் இடத்தோடு நின்றது. லண்டனில் எழுந்த ஆரவாரம் அட்லாண்டிக்கைக் கடந்தபோது பாதியாகியிருந்தது.

ஆனால் அச்சு தயாராகிவிட்டது. வார்க்க வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் இதழ்களின் ஒரு விசித்திரப் பழக்கம் வெளிப்படுகிறது: புதிதாக அறிவிக்க வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். 2001 கோடையில் லண்டன் நாளேடுகளுக்குக்கூடத் தலைப்புச் செய்தியான டெட்ராய்டின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸுக்கு அது மூன்றாவது ஆல்பம். அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்ட அந்த இருவரும் முன்னாள் கணவன் மனைவி என்ற ஆவணம் வெளியானதும் பரபரப்பு இரட்டிப்பானது. இசை அதே இசைதான். ஸ்வீடனின் ஃபாகெர்ஸ்டா என்ற சிற்றூரில் ஹைவ்ஸ் குழு 1993இலேயே தொடங்கிவிட்டது. பழைய பாடல்களைத் திரட்டி, 'உங்கள் புதிய அபிமானக் குழு' என்ற பொருளில் தலைப்பிட்டு வெளியிட்டபோதுதான் பிரிட்டன் அவர்களைக் கண்டது. தலைப்பிலேயே ஒரு நக்கல் இருக்கிறது. குழு இதழ்களைப் படித்திருக்கிறது.

சிட்னியின் வைன்ஸ் குழுவுக்கு அப்படி அழிக்கப் பழைய காலம் எதுவும் பெரிதாக இல்லை. 2002இல் 'ஹைலி எவால்வ்டு' ஆல்பம் பிரிட்டனில் 3ஆம் இடமும் அமெரிக்காவில் 11ஆம் இடமும் பிடித்தது. ராக் திரும்பிவிட்டது என்ற முழக்கத்தோடு ரோலிங் ஸ்டோன் அட்டையில் வைன்ஸ் வந்தது. பாடகர் கிரெய்க் நிக்கோல்ஸ் மேடையில் கருவிகளை நொறுக்கியதும் பேட்டிகளில் தடுமாறியதும் மேதையின் கிறுக்குத்தனமாக விற்கப்பட்டன. 2004இல் சிட்னி நிகழ்ச்சியில் ஒரு புகைப்படக்காரரோடு நடந்த மோதல் நீதிமன்றம் வரை போனது. அவருக்கு ஆஸ்பெர்ஜர் நிலை இருப்பது அப்போதுதான் வெளியே வந்தது, வழக்கு தள்ளுபடியானது. தொடர் பயணமும் இரைச்சலும் அந்த மனிதரை எந்த அளவுக்கு வதைத்திருக்கும் என்று அட்டைப்படம் போட்ட எவரும் பெரிதாகப் பரிசீலித்ததாகத் தெரியவில்லை. இந்த வரலாற்றில் சிரிப்பு வராத பக்கம் இது.

ஷெஃபீல்டில் 2001 கிறிஸ்துமஸுக்கு அலெக்ஸ் டர்னருக்கும் ஜேமி குக்கிற்கும் கிதார்கள் பரிசாகக் கிடைத்தன. டர்னருக்கு வயது 15. ஸ்ட்ரோக்ஸ் ஆரவாரத்தை வாங்கிப் படித்த தலைமுறை இது. மறுவருடம் இவர்கள் தொடங்கிய ஆர்க்டிக் மங்கீஸ் குழு, நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களிடம் மாதிரிப் பாடல்களைக் குறுந்தட்டில் இலவசமாகக் கொடுத்தது. ரசிகர்கள் அவற்றை இணையத்தில் ஏற்றினார்கள். மைஸ்பேஸ் பக்கம் தொடங்கியவர்களும் அவர்களே. தங்களுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது என்று குழுவினர் பேட்டியில் சொன்னார்கள். 2005 அக்டோபரில் டோமினோ நிறுவனம் வெளியிட்ட முதல் தனிப்பாடல் நேராக முதலிடம் போனது. 2006 ஜனவரியில் வந்த ஆல்பம் முதல் வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்று, அதுவரையிலான பிரித்தானிய வரலாற்றில் மிக வேகமாக விற்ற அறிமுக ஆல்பம் எனப் பதிவானது.

அந்த முதல் பாடலின் காணொளித் தொடக்கத்தில், ஆரவாரத்தை நம்பாதீர்கள் என்று டர்னரே சொல்லிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குகிறார். பத்திரிகைகள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆல்பம் வெளியான அதே மாதம் என்எம்இ தயாரித்த 'மிகச்சிறந்த பிரித்தானிய ஆல்பங்கள்' பட்டியலில் அது 5ஆவது. ஐந்தாண்டுகளுக்கு முன் இதழ் முன்னே நடந்தது. கூட்டம் பின்னே வந்தது. இப்போது கூட்டம் எங்கோ போய்க்கொண்டிருக்க, இதழ் மூச்சிரைக்க ஓடிவந்து பதாகையைப் பிடித்துக்கொண்டது. பத்திரிகை தேவைப்படாத குழு என்பதே பத்திரிகைகளுக்கு அந்த ஆண்டின் மிகப்பெரிய செய்தி.

இசை நிறுவனங்கள் பாடத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. அடுத்த சில வாரங்களிலேயே சாண்டி தாம் என்ற ஸ்காட்லாந்துப் பாடகி, தெற்கு லண்டனில் தன் வீட்டு நிலவறையிலிருந்து வெப்கேமரா வழியே இரவுதோறும் பாடுகிறார், பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று நாளேடுகளில் செய்திகள் வந்தன. ஏப்ரலில் அவரை ஒப்பந்தம் செய்தது ஆர்சிஏ. அத்தனை பேர் தாமாகவே வந்தார்களா, அல்லது விளம்பர நிறுவனம் ஓட்டிவந்த கூட்டமா என்று அதே நாளேடுகள் பிறகு சந்தேகம் எழுப்பின. அவர் தரப்பு மறுத்தது. தகராறு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூனில், அவருடைய பாடல் முதலிடம் பிடித்தது.