மாச ஊசி

ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட் என்பது முழுப்பெயர். மனநலப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களுக்கு அது 'மாச ஊசி'. ஒரு மில்லி ஆம்பூலுக்குள் 25 மில்லிகிராம் மருந்து, மஞ்சளாக, நல்லெண்ணெயில் கரைந்து கிடக்கும். ஆமாம், எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய்தான், ஊசிக்கென்று சுத்திகரித்தது.

இதன் மூதாதை குளோர்ப்ரோமசின். 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் அதைத் தீவிர மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பல நாடுகளில், மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே ஆயுளைக் கழிக்க வேண்டியிருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். வீட்டுக்குப் போனதும் மாத்திரை நின்றது. சிலருக்குக் கை நடுங்கியது. சிலர் 'சரியாயிடுச்சே, இனி எதுக்கு?' என்றார்கள். தனக்கு நோய் இருப்பதாகவே சிலர் நம்பவில்லை. மறுபடி குரல்கள், மறுபடி வார்டு.

இதற்கு வழியாக 1960களில் ஃபுளூஃபெனசினோடு ஒரு கொழுப்பு அமிலத்தை இணைத்தார்கள். அப்படி இணைந்தது எண்ணெயில் நன்றாகக் கரையும். இடுப்புத் தசையில் ஆழமாகப் போட்டால் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் சிறுகச் சிறுக ரத்தத்தில் இறங்கும். இதில் ஒரு வம்பும் உண்டு: போட்டதை வெளியே எடுக்க முடியாது. உடம்பு விறைத்தாலும், நிலைகொள்ளாமல் கால் நடந்துகொண்டே இருந்தாலும் மருந்து தீரும்வரை தாங்க வேண்டியதுதான். அதனால்தான் முதல் முறை பாதி அளவு போட்டுப் பார்ப்பார்கள். விறைப்புக்குத் துணை மாத்திரையும் உண்டு.

இங்கிலாந்தில் 1954இலேயே வார்லிங்ஹாம் பார்க் மருத்துவமனைச் செவிலியர்கள், வெளியே அனுப்பியவர்களின் வீடு தேடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஊசி வந்தபின் அந்தப் பயணத்துக்கு ஒரு தேதி கிடைத்தது. விட்டுப்போன மாத்திரை யாருக்கும் தெரியாது. விட்டுப்போன ஊசி பதிவேட்டில் காலிக் கட்டமாக நிற்கும், ஆளைத் தேடச் சொல்லும். மருந்தைவிட இந்தக் கட்டம்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். அதே கட்டம் கண்காணிப்பாகவும் மாறியது. விருப்பத்தைக் கேட்காமல் ஊசி போட்ட கதைகள் பல நாடுகளிலும் உண்டு.

இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல். தமிழ்நாட்டில் முதலில் திருச்சி. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு ரயிலேறி வந்து போட்டுக்கொள்ள வேண்டியிருந்த ஊசி மாவட்டங்களுக்கு நகரத் தொடங்கியது. நகர்ந்தது போதவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அப்போது இந்த ஊசிக்கு வயது முப்பதுக்கு மேல். சங்கிலியைத் தடைசெய்தும், சிகிச்சையை உரிமையாக்கியும் சட்டம் வர 2017 ஆனது.

எண்ணெய் ஊசிக்கு இப்போது வாரிசுகள் வந்துவிட்டன. பாலிபெரிடோன் பால்மிடேட் முதலில் மாதம் ஒன்றாக வந்தது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, 2021இல் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு ஒன்று. விலை எண்ணெய் ஊசியைவிடப் பல மடங்கு. விலை குறையட்டும், வரட்டும். ஆனால் ஆண்டுக்கு இரண்டே தேதி என்றாகிவிட்டால், இடைப்பட்ட மாதங்களில் அண்ணன் வீட்டைவிட்டு அனுப்பியதையும், உதவித்தொகை நின்றதையும் யார் போய்க் கேட்பது என்பதையும் ஆறு மாத ஊசிக்கான திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.