வேட்டைக்காரர் காசில் வாழும் விலங்குகள்

அஞ்சல் நிலையத்தில் ஒரு டாலர் கொடுத்து, அஞ்சல் தலையைப் போன்ற சிறு வில்லை ஒன்றை வாங்கினால்தான் வாத்துச் சுடலாம். அந்த டாலரைக் கொண்டே வாத்துகளுக்கு ஏரி வாங்கப்படும். இப்படி ஒரு சட்டம் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1934ஆம் ஆண்டு அப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. விலங்கைச் சுடுகிறவரிடமே விலங்கைக் காக்கப் பணம் வாங்கும் இந்த ஏற்பாடு எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம்.

சந்தைக்குப் போன காடு

19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் வேட்டை ஒரு பெரும் வாணிகம். சுட்டு வீழ்த்திய விலங்குகளின் தோலையும் இறைச்சியையும் இரயில் வண்டிகள் நகரச் சந்தைகளுக்குக் கொண்டு சென்றன. கோடிக்கணக்கில் மேய்ந்து திரிந்த காட்டெருமைகள் 1880களின் முடிவில் ஏறத்தாழ ஓராயிரமாகச் சுருங்கின. வானத்தையே மறைத்துப் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையில் இறந்தது. அதன் பெயர் மார்த்தா.

அமெரிக்கச் சட்டப்படி காட்டு விலங்கு நிலத்துக்கு உரியவரின் உடைமை அன்று. அது மக்களின் பொதுச் சொத்து. மாநில அரசு அதன் காவலர். ஆனால் காவல் காக்கப் பணம் வேண்டுமல்லவா? மாநிலங்கள் ஒவ்வொன்றாக வேட்டை உரிமம் விற்கத் தொடங்கின. பணம் வந்தது. வந்த பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடும் வழக்கமும் கூடவே வந்தது.

உண்டியலுக்குப் பூட்டு

1930களில் கடும் வறட்சி. குளங்கள் வற்றின, வாத்துகள் குறைந்தன. அப்போதுதான் வாத்து வில்லைச் சட்டம் வந்தது. முதல் வில்லைக்குப் படம் வரைந்தவர் ஜே டார்லிங் என்னும் செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர். கூட்டரசின் உயிரியல் அளவைத் துறைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவரும் அவரே. முதல் ஆண்டிலேயே 6 இலட்சத்துக்கு மேற்பட்ட வில்லைகள் விற்றன. இன்று அதன் விலை 25 டாலர்.

1937ஆம் ஆண்டு அடுத்த படி எடுத்து வைக்கப்பட்டது. நெவாடா மாநிலத்துச் செனட்டர் பிட்மனும், வர்ஜீனியாவைச் சேர்ந்த பிரதிநிதி இராபர்ட்சனும் கொண்டுவந்த சட்டம் அது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரியைக் காட்டு விலங்குப் பணிக்கென்றே அது ஒதுக்கியது. ஒரு திட்டத்துக்கு மாநிலம் 25 டாலர் போட்டால் கூட்டரசு 75 டாலர் தரும். மாநிலத்தின் பரப்பையும், அங்கே உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் பங்கு பிரிக்கப்படும்.

இச்சட்டத்தின் உயிர்நாடி அதில் இருந்த ஒரு நிபந்தனை. உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இந்த உதவி கிடையாது. உண்டியலுக்குப் பூட்டு விழுந்தது. மாநிலங்கள் நிலம் வாங்கின, ஆராய்ச்சியாளர்களை அமர்த்தின, விலங்குகளைப் பிடித்து, அவை அற்றுப்போன இடங்களில் விட்டன. நூற்றாண்டின் தொடக்கத்தில் சில இலட்சமாகக் குறைந்திருந்த வெண்வால் மான் இன்று சுமார் மூன்று கோடியாகப் பெருகியுள்ளது.

ஏலமும் குலுக்கலும்

மலைச் சரிவுகளில் வாழும் பெருங்கொம்புக் காட்டாட்டின் கதை சற்று வேறு. அதன் தொகை குறைவு. ஆகவே ஆண்டுக்குச் சில சீட்டுகளே வழங்கப்படும். ஒரு சீட்டுக்கு ஓர் ஆடு. பல்லாண்டு விண்ணப்பித்தும் சீட்டுக் கிடைக்காதவர் பலர். 1980களில் சில மாநிலங்கள் அவற்றுள் ஓரிரு சீட்டுகளை ஏலத்தில் விட்டு, வந்த பணத்தைக் காட்டாடுகளுக்கே செலவிடத் தொடங்கின. 2013இல் மொன்டானா மாநிலத்தின் ஒரே ஒரு சீட்டு 4 இலட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது!

பொதுச் சொத்தைப் பணக்காரருக்கு விற்பதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு விடை பரிசுச் சீட்டு. அதே மொன்டானாவில் 5 டாலருக்கு ஒரு சீட்டு வாங்கி எவரும் குலுக்கலில் கலந்துகொள்ளலாம். எனினும் ஒருவரே எத்தனை சீட்டு வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால், பணத்தின் கை அங்கும் சற்று ஓங்கியே இருக்கிறது.

தவளைக்கு யார் பணம் தருவார்?

இந்த ஏற்பாட்டின் குறை இப்போது உங்களுக்கே புலப்பட்டிருக்கும். மானுக்கும் வாத்துக்கும் பணம் தர வேட்டைக்காரர் உண்டு. தவளைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் யார் உண்டு? வாத்துக்காக வாங்கிய சதுப்பு நிலத்தில் தவளையும் வாழும் என்பது உண்மையே. ஆனால் வாத்து இறங்காத இடத்துத் தவளைக்கு அந்த உதவி எட்டாது. மேலும், வேட்டைக்காரர்களே குறைந்தும் வந்தார்கள். 1991இல் சுமார் 1 கோடியே 41 இலட்சமாக இருந்த அவர்கள் 2016இல் 1 கோடியே 15 இலட்சமாயினர். உரிமம் வாங்குவோர் குறைந்தால் உண்டியலும் இளைக்கும்.

மிசௌரி மாநில மக்கள் இதற்கு 1976ஆம் ஆண்டிலேயே ஒரு வழி கண்டனர். எட்டு டாலருக்குப் பொருள் வாங்கும்போது ஒரு சென்ட் இயற்கைப் பாதுகாப்புக்குச் சேரும்படி, வாக்களித்துத் தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்டனர். அங்கே கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் காட்டுக்குப் பங்கு தருகிறார். காட்டு விலங்கு எல்லோருடைய சொத்து என்றால், அதைக் காக்கும் செலவை வேட்டைக்காரர் மட்டும் ஏற்பது போதுமா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.